மடைக்குக் கீழே என்ன இருக்கிறது?

ஐப்பசியில் மலையில் மழை பிடித்துவிட்டால் விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பு டீக்கடைகளில் பேச்சு பிளவக்கல் அணையைச் சுற்றியே இருக்கும். பிளவக்கல் பெரியாறு அணையின் முழு உயரம் 47.56 அடி. புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணைக்கூட விடாமல் சொல்வார்கள். அளவுகோலைப் பார்த்தால் இன்று எத்தனை அடி என்பது தெரிந்துவிடும். ஆனால் நாற்றங்கால் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க அது போதாது. உள்ளே எத்தனை கன அடி தண்ணீர் கிடக்கிறது என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கு அணையின் தரையைப் பொறுத்தது.

ஒவ்வொரு அணைக்கும் ஒரு கொள்ளளவு அட்டவணை உண்டு. இத்தனை அடி உயரத்துக்கு இத்தனை மில்லியன் கன அடி என்று அதில் இருக்கும். அணை கட்டும் காலத்தில் நிலத்தின் மேடு பள்ளங்களை அளந்து தயாரித்த கணக்கு அது. அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளமும் மலையிலிருந்து வண்டலை வாரிக் கொண்டுவந்து கொட்டுகிறது. அடி அப்படியே இருக்கும். தண்ணீர் குறைந்துகொண்டே வரும்.

100 ஏக்கர் கண்மாயை எடுத்துக்கொள்வோம். தரை முழுக்க ஓர் அடி வண்டல் படிந்தால் 43.56 லட்சம் கன அடி, அதாவது சுமார் 12.3 கோடி லிட்டர் தண்ணீர் தங்க இடமில்லாமல் போகிறது. கரையில் நின்று பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. நிறைந்த கண்மாய் நிறைந்த கண்மாயாகத்தான் தெரியும்.

தண்ணீருக்கு அடியில் இருப்பதை அளக்கும் வேலை பழையது. ஸ்காட்லாந்தில் சர் ஜான் முர்ரே, லாரன்ஸ் புல்லர் ஆகியோரின் குழுவினர் 1897 முதல் 1909 வரை 562 ஏரிகளைப் படகில் சுற்றி, மெல்லிய கம்பியில் எடையைக் கட்டி இறக்கி, ஏறத்தாழ 60,000 இடங்களில் ஆழம் பார்த்தார்கள். இன்று கம்பியின் வேலையை ஒலி செய்கிறது. நன்னீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,480 மீட்டர் வேகத்தில் பாயும். படகின் அடியிலிருந்து அனுப்பிய ஒலி தரையில் பட்டுத் திரும்ப ஆகும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடலாம். படகு நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள் சொல்லிவிடும். ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான ஒலிக்கற்றைகளை விசிறிபோல் பரப்பும் கருவிகளும் வந்துவிட்டன. தமிழ்நாட்டில் பூண்டியிலுள்ள நீரியல் ஆய்வு நிறுவனம் இந்த முறையில் அணைகளின் கொள்ளளவை அளந்துவருகிறது.

கருவி வந்தும் வேலை முடியவில்லை. வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளின் பரப்பு சுமார் 2.44 லட்சம் சதுர கிலோமீட்டர். கிட்டத்தட்ட இரண்டு தமிழ்நாடு. அவற்றின் தரையில் ஏறக்குறைய 15 சதவீதம்தான் துல்லியமாக வரையப்பட்டிருக்கிறது. மீதியையும் 2030-க்குள் முடிக்க வேண்டும் என்று 'லேக்பெட் 2030' என்ற கூட்டு முயற்சி நடக்கிறது. எந்த ஓர் அரசுத் துறையிடமும் அத்தனை கப்பல்கள் இல்லை. அதனால் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் தாங்கள் அளந்ததைப் பொதுவில் வைக்கின்றன. மீன்பிடிப் படகுக்காரர்கள்கூட ஒரு சிறு பதிவுக்கருவியைப் பொருத்திக்கொண்டு, போகிற வழியில் கிடைக்கும் ஆழங்களைக் கொடுக்கலாம். கடல்தரைக்காக 2017-இல் தொடங்கிய 'சீபெட் 2030' திட்டமும் இதே வழியில்தான் 6 சதவீதத்திலிருந்து கால் பங்கைத் தாண்டியிருக்கிறது.

விருதுநகர் மாவட்டத்தில் கப்பலே தேவையில்லை. சிவகாசியில் பட்டாசும் தீப்பெட்டியும் காயக் காரணமான அதே வறண்ட வெயில், கண்மாய்களின் தரையையும் திறந்து காட்டிவிடுகிறது. சித்திரை, வைகாசியில் பல கண்மாய்களின் உள்வாயில் ஆடுகள் மேயும். அங்கே மட்டக்கருவியை வைத்து நடந்தே அளக்கலாம்; ட்ரோனைப் பறக்கவிட்டு மேடு பள்ளங்களை முழுவதுமாகப் படமெடுக்கலாம். சிவகாசிக்குக் குடிநீர் தரும் வெம்பக்கோட்டை, விருதுநகருக்குத் தரும் ஆனைக்குட்டம் போன்ற அணைகளில் தண்ணீர் நிற்கும் பகுதிக்கு மட்டும் படகும் ஒலிக்கருவியும் போதும்.

அளக்காமல் தூர்வாருவதில் என்ன கெடுதி என்பதைக் கண்மாயில் இறங்கியவர்கள் அறிவார்கள். மண் எடுக்க வசதியான இடத்தில் இயந்திரம் தோண்டும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய குழியில் தண்ணீர் நிற்கும், வயலுக்குப் பாயாது. குளிக்க இறங்கும் பிள்ளைகளுக்கு அது ஆபத்து. வரத்துக்கால் வாயில் வண்டல் மேடு தட்டியிருந்தால், நடுவில் எவ்வளவு தோண்டினாலும் தண்ணீர் உள்ளே வரத் தடுமாறும். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியிலேயே வண்டல் எடுத்துக்கொள்ளலாம் என்று 2024-இல் விதி எளிதானது. அந்த அனுமதிச் சீட்டோடு தரையின் வரைபடமும் இருந்தால், எங்கே, எத்தனை அடி எடுக்கலாம் என்று கோடு போட்டுக் காட்டிவிடலாம்.

பாண்டிய நாட்டு முன்னோர் வண்டல் சிக்கலை வேறு வழியில் யோசித்தார்கள். கண்மாய்க்குள் அவர்கள் அமைத்த குமிழித் தூம்பில் தண்ணீர் போக நீரோடித் துளை, வண்டலை இழுத்துச் செல்லச் சேறோடித் துளை என்று தனித்தனியே வைத்தார்கள். தூம்பைத் திறந்து மூடுகிற மடையர்களுக்குத் தரையின் ஏற்ற இறக்கம் அத்துபடியாக இருந்தது.

அந்த அறிவு இன்று பலரிடம் சிதறிக் கிடக்கிறது. மீன்பாசி குத்தகைக்காரருக்கு வலை எங்கே ஆழமாக இறங்கும் என்று தெரியும். கிடை போடுபவருக்குக் கடைசியாக எந்த மூலை காயும் என்று தெரியும். ஆயக்கட்டு விவசாயிக்கு எந்த மடையில் தண்ணீர் முதலில் நிற்கும் என்று தெரியும். பொதுப்பணித் துறைக் காலத்துப் பழைய அளவைகள் அலுவலக அலமாரிகளில் இருக்கின்றன. சிவில் படிக்கும் மாணவர்களுக்குக் கருவியைப் பிடிக்கத் தெரியும். இவர்களை ஒரு கோடையில் ஒரே கண்மாயில் இறக்கித் தரையை அளந்து வரைந்து, எல்லோரும் பார்க்கும்படி அந்த வரைபடத்தை ஊர்ச்சாவடியில் ஒட்டிவைக்கலாம். அடுத்த கோடையில் மறுபடி அளந்தால், ஒரு மழைக்காலம் எவ்வளவு மண்ணைக் கொண்டுவந்தது என்று ஊரே படித்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழை தொடங்க, வைகாசியிலிருந்து ஐந்து மாதம் கையில் இருக்கிறது.