பிள்ளை என்பதும் ஊழியர் என்பதும்

வவுனியாக் கடைவீதியில் முதலாளிமார் வாயில் அடிக்கடி வழங்கும் தொடர் ஒன்றுண்டு. “இவன் எங்கட வீட்டுப் பிள்ளை” என்பதே அது. அத்தொடரிற் பொய் இல்லை. யாழ்ப்பாணம், கண்டி, மன்னார், ஹொரவப்பொத்தானை வீதிகள் வந்து கூடும் இந்நகரிலே, சிற்றூர்களிலிருந்து வேலை தேடி வரும் இளைஞர்க்கு உண்டியும் உறையுளும் கடையே தருதல் உண்டு. தைப்பொங்கலுக்குப் புத்தாடை, தங்கையின் திருமணத்திற்குக் கைமாற்று, தாயின் நோய்க்கு மருந்துச் செலவு என முதலாளி செய்யும் உதவிகள் பல. இவற்றை இழித்துரைப்பது நன்றி கொன்ற செயலாகும்.

ஆயினும் ஒரு வினா எழுகின்றது. பிள்ளைக்கு எதற்கு நியமனக் கடிதம், எதற்குச் சேமலாப நிதி என்று அவ்வுறவையே காரணங்காட்டிக் கைவிடுதல் முறையாகுமா? பெற்ற பிள்ளைக்குத் தந்தையின் சொத்திலே பங்குண்டு. கடைப்பிள்ளைக்கு அப்பங்கு இல்லை. இருபது ஆண்டு உழைத்து அவன் வெளியேறும் நாளிலே உறவு வாசற்படியோடு நின்றுவிடுகின்றது.

சம்பளம் என்னும் சொல்லைச் சம்பா நெல், உப்பு விளையும் அளம் எனப் பிரித்துப் பொருள் காண்பாருண்டு. அது பொருந்துமோ பொருந்தாதோ, சொல்லாராய்ச்சியாளர்க்கு விடுவோம். நெல்லும் உப்பும் அன்றைய பசிக்கே உதவுவன. முதுமைக்கு உதவுவது வேறு. அதன் பொருட்டே 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் எழுந்தது. இன்று ஊழியர் வேதனத்தில் நூற்றுக்கு 8 பங்கும், தொழில்தருநர் தம் கையிலிருந்து 12 பங்கும் செலுத்துதல் வேண்டும். 1980 ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 3 பங்கு, அதுவும் முதலாளியே தருவது. ஒரேயொரு ஊழியர் உள்ள கடையும் இதற்கு விலக்கன்று. காலந்தாழ்த்தினால் தண்டப்பணம் நூற்றுக்கு 5 இலிருந்து 50 வரை ஏறும்.

இங்கே கருதத்தக்கது ஒன்று. 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களையே கட்டுப்படுத்தும். ஐந்தாண்டு நிறைந்த மாதச் சம்பள ஊழியர்க்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் என்பது அதன் விதி. நம் நகரத்துச் சிறு கடைகளிற் பெரும்பாலன இந்த எண்ணிக்கைக்கு உட்படுவன அல்ல. ஆகவே கடைப்பிள்ளைக்குச் சேமலாப நிதி ஒன்றே ஊன்றுகோல்.

வன்னி மக்களுக்கு இதன் அருமை தெரியாததன்று. இடம்பெயர்வின்போதும், 2009 இல் செட்டிகுளத்து முகாம்களில் வாழ்ந்தபோதும், உறுதிகளையும் சான்றிதழ்களையும் இழந்தோர் எத்தனையோ பேர். கடை எரிந்தாலும், முதலாளி கடல் கடந்து போனாலும், மத்திய வங்கியின் பொறுப்பிலுள்ள உறுப்பினர் கணக்கு எரிவதில்லை. வாய்ச்சொல்லாகத் தரப்பட்ட வாக்குறுதியோ சொன்னவரோடு போய்விடும்.

உறவுமுறைப் பெயர் வேறொரு தீங்கையும் மறைக்கும். ‘தங்கச்சி’ என விளிக்கப்படும் பெண் ஊழியர், தமக்குப் பிடியாத பேச்சையும் செயலையும் யாரிடம் முறையிடுவார்? மேலதிகாரி பணியிடத்தில் அவ்வாறு நடத்தல் 1995 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தால் தெளிவாகக் குற்றமாயிற்று. குற்றமென அறிந்தும் பெண்கள் வாய்திறவாமல் வேலையை விட்டு நிற்பதே நாம் காணும் வழக்கம். முறைப்பாட்டைக் கேட்கும் பொறுப்பை முதலாளியின் உறவினரல்லாத ஒருவரிடம், இயலுமாயின் ஒரு பெண்மணியிடம், ஒப்படைத்தல் நன்று.

இனி, வீட்டிலிருந்து செய்யும் வேலை. 2020 இல் ஊரடங்கும், 2022 யூன் மாதத்தில் எரிபொருட் பஞ்சமும் இதனை நமக்குப் பழக்கின. அப்போது அரசு ஊழியர்க்கு வெள்ளிக்கிழமையைப் பயிர்ச்செய்கைக்கென விடுமுறையாக்கிய விந்தையும் நிகழ்ந்தது! இன்று கணினி முன்னிருந்து அயல்நாட்டு நிறுவனங்களுக்கு உழைக்கும் பட்டதாரிகளும், கூலிக்கு ஆடை தைக்கும் தாய்மாரும் நம்மிடையே உளர். 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் கிழமைக்கு 45 மணி நேரம் என வரையறுத்தது. கடைக்குக் கதவுண்டு, அடைத்தால் நாள் முடிந்தது. வீட்டு மூலையில் வைத்த கணினிக்குக் கதவு யாது? இரவு பத்து மணிக்கும் கைப்பேசி அழைக்கின்றது.

எனவே வீட்டிலிருந்து வேலை வாங்குவோர், தொடங்கும் வேளை, முடியும் வேளை, மின்கட்டணமும் இணையக் கட்டணமும் யார் பொறுப்பு, கணினி பழுதுற்றால் யார் திருத்துவது என்பவற்றைத் தமிழிலே, ஊழியர் படித்துணரும் நடையிலே எழுதிக் கையொப்பமிட்டு ஒரு படியை அவரிடம் கொடுத்தல் வேண்டும். இரண்டு பக்கத் தாள் போதும். அதனை எழுதித் தரவல்ல ஆசிரியர்கள் இவ்வூரில் நிறையவே இருக்கின்றனர்.