கணக்கு கேட்கும் மன்றம்

நெதர்லாந்தின் தெற்கில் இருக்கும் டில்பர்க், ஒருகாலத்தில் கம்பளித் துணி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1980களில் நகராட்சி பட்ஜெட்டிலும் துண்டு விழுந்தது. அந்த நெருக்கடியில் பிறந்ததுதான், பின்னாளில் ஜெர்மன் நகராட்சிகள் பாடமாக எடுத்துக்கொண்ட 'டில்பர்க் மாதிரி'.

துறைத் தலைவர்களிடம் பணத்தையும் பொறுப்பையும் சேர்த்தே ஒப்படைத்தார்கள். சம்பளத்துக்கு இவ்வளவு, எழுதுபொருளுக்கு இவ்வளவு என்றிருந்த பட்ஜெட், குப்பை அள்ள எவ்வளவு, பூங்காவைப் பராமரிக்க எவ்வளவு எனச் சேவைவாரியாக மாறியது. கணக்கு எழுதும் முறையிலும் நெதர்லாந்து நகராட்சிகள் முன்னோடிகள். நீச்சல் குளம் ஒன்றைக் கட்டினால், செலவு முழுவதும் அந்த ஆண்டின் தலையில் விழாது. குளம் பயன்படும் ஆண்டுகளுக்கெல்லாம் தேய்மானமாகப் பிரித்து எழுதப்படும்.

ஆனால், விவரம் பெருகப் பெருக, மக்கள் பிரதிநிதிகளின் கேள்விகள் தடித்த புத்தகங்களுக்குள் புதைந்தன. 2002-ல் சட்டம் மாறியது. அதுவரை நகராட்சி மன்ற உறுப்பினர்களாகவும் இருந்த நிர்வாகிகள், மன்றத்திலிருந்து பிரிக்கப்பட்டனர். நிர்வாகத்தைக் கண்காணிப்பது மன்றத்தின் வேலை என்பது தெளிவானது. 2004 முதல் பட்ஜெட் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்: எதைச் சாதிக்கப் போகிறோம்? அதற்காக என்ன செய்வோம்? எவ்வளவு செலவாகும்? 2006 முதல் ஒவ்வொரு நகராட்சிக்கும் சுயேச்சையான தணிக்கை ஏற்பாடும் கட்டாயமானது.

இந்தக் கண்காணிப்பு ஏன் தேவை என்பதையும் டில்பர்க்தான் காட்டியது. நகரின் மிடி நாடக அரங்கைப் புதுப்பிக்கும் செலவு எகிறியதும், அது மன்றத்துக்கு உரிய நேரத்தில் தெரிவிக்கப்படாததும் 2009-ல் பெரும் புயலைக் கிளப்பின. மேயர் ரூட் ஃப்ரேமன் பதவி விலக நேர்ந்தது. நிர்வாக முறைக்குப் பேர்வாங்கிய ஊரிலேயே, தகவல் மறைந்தால் கணக்கு முறை காப்பாற்றவில்லை.

எந்தக் கணக்கு முறையாலும் தீராத சிக்கலும் உண்டு. டச்சு நகராட்சிகளின் பெரிய வருமானம் மத்திய அரசின் நகராட்சி நிதியம். சொத்துவரியின் பங்கு அதைவிடக் குறைவுதான். 2015-ல் சிறார் நலம், முதியோர் பராமரிப்பு போன்ற பெரும் பொறுப்புகளை அரசு நகராட்சிகளிடம் தள்ளியது. கூடவே சிக்கனம் என்று சொல்லி நிதியையும் குறைத்தது. பல நகராட்சிகள் பற்றாக்குறையில் தவித்தன. பட்ஜெட்டைச் சமன் செய்ய முடியாவிட்டால் மாகாணத்தின் முன் அனுமதி பெற்றுத்தான் செலவு செய்ய வேண்டும்.

நகராட்சி நிர்வாகத்தைச் சீர்திருத்த விரும்பும் எவரும் இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். பொறுப்புக்கு ஏற்ற பணம் வேண்டும். அந்தப் பணம் போன வழியைக் கேட்கத் துணிந்த மன்றமும் வேண்டும்.