காற்றைக் கேட்டுக் கிளம்புங்க... தென்காசியில் ஒரு சைக்கிள் சுற்று!

ஜெர்மனியில் வழிகாட்டி இல்லாமல், மேப்பை மட்டும் நம்பிப் பழைய ஊர்களைச் சைக்கிளிலேயே சுற்றுகிறார்கள். நம்மூரில் அதற்குத் தோதான இடம் தென்காசி. சுமார் 30 கிலோமீட்டர், ஒரே நாள்!

ஆனால், ரூட்டைக் காற்றிடம் கேட்டுத்தான் போடணும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் சீசன். செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்குக் காற்று ஆளையே தள்ளும். கால் சோராத காலையிலேயே எதிர்க்காற்றை முடித்துவிடுங்கள்.

பராக்கிரம பாண்டியன் கட்டிய காசி விஸ்வநாதர் கோயிலில் தொடங்கி இலஞ்சி, குற்றாலம். அருவியோடு திரும்பிவிடுபவர்கள் தவறவிடுவது சித்திர சபையை. இங்கே நடராஜர் சிலையாக இல்லை, ஓவியமாக இருக்கிறார். மதியம் நடை சாத்துவதற்குள் போய்விடுங்கள். அடுத்து, வாஞ்சிநாதன் பிறந்த செங்கோட்டை. பிறகு பண்பொழி திருமலைக்கோயில். சைக்கிளை அடிவாரத்தில் பூட்டிவிட்டுப் படியேறலாம். அங்கிருந்து தென்காசிக்குத் திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும், பெடலுக்குப் பாதி வேலைதான்.

அருவியில் குளிக்கத் தடை இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே விசாரியுங்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையனை அடித்துச் சென்றுவிட்டது. தடை என்றால் அருவியை விட்டுவிடுங்கள், சித்திர சபையில் கூடுதலாக ஒரு மணி நேரம் இருக்கலாம்.

சாரலில் ரிம் நனைந்தால் பிரேக் தாமதமாகத்தான் பிடிக்கும். இறக்கத்தில் நிதானம்!