மிக்சரில் ‘ம்ம்ம்’ சத்தமா? எர்த் பின்னை மட்டும் கழற்றாதீங்க!

ஆயுத பூஜை நெருங்கினால் தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, ஓரகடம் பக்கமெல்லாம் மைக் செட் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். கம்பெனியில் பூஜை, கல்லூரியில் கல்ச்சுரல்ஸ், வாடகை அறையில் நண்பர்களின் பாட்டு ரெக்கார்டிங் என எல்லா இடத்திலும் ஒரு குட்டி ஆடியோ மிக்சர் இருக்கும். அதை வாங்கப் பத்து ரிவியூ பார்ப்பவர்கள்கூட, அதற்கு கரன்ட் எங்கிருந்து, எப்படி வருகிறது என்று பார்ப்பதில்லை.

ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்ததும், “எர்த்தைக் கழட்டி விடுப்பா, சரியாயிடும்” என்று யாராவது சொல்வார்கள். அப்படிச் செய்தால் பல நேரம் சத்தம் நின்றுவிடும். கூடவே மைக் பிடிப்பவரின் பாதுகாப்பும் போய்விடும்.

எர்த் பின் எதற்கு?

நம் ஊர் மூன்று பின் பிளக்கில் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பது எர்த் பின். சாக்கெட்டில் முதலில் தொட்டு, கடைசியில் விலகுவதற்காகவே அந்த நீளம். மிக்சர், ஆம்ப்ளிஃபயர் போன்றவற்றின் உலோகப் பெட்டி இதோடு இணைந்திருக்கும். உள்ளே வயர் நைந்து பெட்டியில் பட்டால், கரன்ட் எர்த் வழியாகப் பாய்ந்து, ஃபியூஸ் போகும் அல்லது எம்.சி.பி. டிரிப் ஆகும்.

எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட் அந்தப் பெட்டியிலேயே நிற்கும். மைக் கேபிளின் ஷீல்டு வழியாக மைக்கின் உலோக உடம்புக்கும் வரும். 1972-ல் பிரிட்டனின் ஸ்வான்சி நகரில், ‘ஸ்டோன் தி குரோஸ்’ இசைக்குழுவின் கிடாரிஸ்ட் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதால் மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார்.

அப்போ இரைச்சல் ஏன் வருது?

பெரும்பாலும் ‘கிரவுண்ட் லூப்’தான் காரணம். மிக்சர் ஒரு சுவரின் சாக்கெட்டில், பவர்டு ஸ்பீக்கர் இன்னொரு மூலையில். இரண்டு எர்த்துக்கும் இடையே சிறு வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால், ஆடியோ கேபிளின் ஷீல்டு வழியாக கரன்ட் ஓடும். அதுதான் 50 ஹெர்ட்ஸ் ‘ம்ம்ம்’. இதைச் சரிசெய்யும் வழிகள்:

* மிக்சர், லேப்டாப், ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் ஒரே பாயின்ட்டிலிருந்து கரன்ட் எடுங்க. ஒரு 16 ஆம்பியர் சாக்கெட் தாங்குவது சுமார் 3,600 வாட். மொத்த லோடு அதற்குள் இருக்கட்டும்.
* பேலன்ஸ்டு கேபிள் பயன்படுத்துங்க. கரன்ட் வயரும் ஆடியோ வயரும் ஒட்டி ஓட வேண்டாம்.
* லேப்டாப், கீபோர்டு இரைச்சலுக்கு டி.ஐ. பாக்ஸ் போடுங்க. அதிலுள்ள ‘கிரவுண்ட் லிஃப்ட்’ பட்டன் ஆடியோ கேபிளின் இணைப்பை மட்டுமே துண்டிக்கும். மின்சார எர்த்தைத் தொடாது.

அடாப்டரை மாற்றலாமா?

சிறிய மிக்சர்கள் பல அடாப்டரில் ஓடுகின்றன. ‘பின் பொருந்துது’ என்பதற்காக மோடம் அடாப்டரைச் செருகக் கூடாது. சில மிக்சர்களுக்கு டி.சி. அல்ல, குறைந்த வோல்ட் ஏ.சி.தான் வேண்டும். வோல்ட்டும் ஏ.சி./டி.சி. வகையும் அப்படியே பொருந்த வேண்டும், டி.சி. என்றால் பிளஸ், மைனஸ் திசையும் பொருந்த வேண்டும். ஆம்பியர் கூடலாம், குறையக் கூடாது.

சில அடாப்டர்களில் இரண்டு பின்தான் இருக்கும். மேலே சதுரத்துக்குள் சதுரக் குறி இருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் கொண்டது, தயாரிப்பே அப்படித்தான். மூன்று பின் உள்ளதை இரண்டாக்குவதுதான் தப்பு.

ஆன் செய்யும் முன்

எம்.சி.பி. இருக்கே என்று நிம்மதியாக இருக்க முடியாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்பது வயர் எரியாமல் காக்க. ஆளைக் காக்க 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். இரண்டுக்கும் 500 மடங்குக்கு மேல் வித்தியாசம். போர்டில் ஆர்.சி.சி.பி. இருந்தால் அதன் ‘டெஸ்ட்’ பட்டனை அழுத்திப் பாருங்க. உடனே டிரிப் ஆக வேண்டும்.

பந்தலிலோ ஜெனரேட்டரிலோ கரன்ட் எடுக்கும்போது, மிக்சரைச் செருகும் முன் எலெக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்க. ஃபேஸ்–நியூட்ரல் 230 வோல்ட் அளவில் இருக்க வேண்டும்; நியூட்ரல்–எர்த் சில வோல்ட்டைத் தாண்டக் கூடாது. த்ரீ ஃபேஸ் லைனில் நியூட்ரல் விட்டுப்போனால் சாக்கெட்டில் 400 வோல்ட் வரைகூட ஏறலாம். அப்போது மிக்சர், லேப்டாப் எல்லாம் ஒரே நொடியில் காலி.

சுருட்டிய எக்ஸ்டென்ஷன் வயரை முழுதாகப் பிரித்துப் போடுங்க; சுருளுக்குள் சூடு தேங்கி இன்சுலேஷன் உருகும். ஐப்பசி மழைக்கு ஜாயின்ட்டுகள் தரையில் கிடக்கக் கூடாது. ஆன் செய்யும்போது மிக்சர் முதலில், ஆம்ப்ளிஃபயர் கடைசியில். ஆஃப் செய்யும்போது ஆம்ப்ளிஃபயர் முதலில். இல்லாவிட்டால் ‘டப்’ சத்தத்தில் ஸ்பீக்கர் கெடும்.

ஷாக் அடித்தால்?

மாட்டிக்கொண்டவரைத் தொடாதீங்க. முதலில் மெயினை ஆஃப் செய்யுங்க. பிறகு 108-ஐ அழையுங்க. மூச்சு இல்லையென்றால், ஆம்புலன்ஸ் வரும்வரை சி.பி.ஆர். கொடுங்க.

மைக்கைத் தொட்டால் லேசாகச் ‘சுர்’ என்கிறதா? “அது அப்படித்தான்” என்று விடாதீங்க. நிகழ்ச்சி அரை மணி நேரம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை; கோளாறு எங்கே என்று கண்டுபிடித்த பிறகே யாரும் மைக்கைப் பிடிக்க வேண்டும்.