தட்டைப் பார்த்து விலை சொல்லும் கடை

கெலுகோரில் மதியம் ஒரு மணிக்கு நாசி கண்டார் கடை வரிசையில் நின்றிருக்கிறீர்களா? முன்னால் யுஎஸ்எம் மாணவர்கள், பின்னால் தொழிற்சாலைச் சட்டையோடு வேலையாட்கள், நடுவில் நாம். வெளியே சாப்பிடுவது பற்றி எங்கள் தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் பேசியபோது, எந்தக் கடை ருசி என்றுதான் வாதம் நடக்கும் என எண்ணியிருந்தேன். ஒரு மாணவர் எழுந்து கேட்டது வேறு.

"அக்கா, என் பையில் பத்து வெள்ளிதான் இருக்கும். கடைசியில் என்ன விலை சொல்வார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். முன்கூட்டியே கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?"

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே கடையில், ஒரே வகைக் கறிகளுக்கு, ஒரு வாரம் 11 வெள்ளி 50 காசும் மறுவாரம் 14 வெள்ளியும் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் வந்தவள் நான்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 'கண்டார்' என்பது தோளில் சுமக்கும் காவடிக் கம்பு. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு முனையில் சோற்றுப் பானை, மறுமுனையில் கறிப் பானை என்று தூக்கிக்கொண்டு பினாங்கு துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். இரண்டே பானை, விலைப் பலகைக்கு என்ன வேலை? கேம்பல் வீதியில் 1907 முதல் இருப்பதாகச் சொல்லும் ஹமீதியா போன்ற கடைகள் வந்த பிறகு பானைகள் பெருகின. கண்ணால் பார்த்துக் கணக்குப் போடும் பழக்கம் மட்டும் பல கடைகளில் அப்படியே நின்றுவிட்டது.

அந்தக் கணக்கு கண்மூடித்தனமானது என்றும் சொல்ல முடியாது. சோறு, முட்டை, வெண்டைக்காய், கோழித் துண்டு இவற்றுக்கு ஏறக்குறைய நிலையான விலை உண்டு. குழம்புகளைக் கலந்து ஊற்றுவதற்கும், சோறு மிதக்க 'பாஞ்சிர்' கேட்பதற்கும் பெரும்பாலும் தனிக் காசு இல்லை. பில்லை ஏற்றுவது கணவாய், பெரிய இறால், மீன் தலை, மீன் சினை. இவற்றின் விலை அளவைப் பொறுத்தும் அன்றைய சந்தையைப் பொறுத்தும் மாறும். கரண்டிக்காரர் "கணவாய் போடவா?" என்று கேட்கும் அந்த ஒரு விநாடியில்தான் நம் பத்து வெள்ளி தப்புகிறது அல்லது பறக்கிறது. கூட்டம் தள்ளும்போது எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவது நம்மவர் குணம், என்னையும் சேர்த்துத்தான்.

ஆனால் விலையைக் காட்டுவது கடைக்காரரின் தயவு அல்ல. சாப்பாட்டுக் கடைகளும் விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். அளவுக்கு மீறி இலாபம் வைத்தால் கேட்பதற்கு 2011ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. சந்தேகம் வந்தால் ரசீது கேளுங்கள், தட்டைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். உள்நாட்டு வாணிப அமைச்சில் புகார் செய்ய அவை உதவும். பணத்தைத் திரும்பப் பெறப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் உண்டு. மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று வெள்ளிக்காக யார் அலைவார்கள் என்கிறீர்களா? நியாயம்தான். அதனால்தான் வரிசையிலேயே கேட்பது மேல்.

ரசீதில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஆண்டுக்கு 15 லட்சம் வெள்ளிக்கு மேல் விற்கும் உணவகங்கள் 6 விழுக்காடு சேவை வரி வசூலிக்கும். 2024இல் மற்ற பல சேவைகளுக்கு அது 8 ஆனபோதும் உணவுக்கு ஏறவில்லை. குளிர்சாதன உணவகங்களில் போடும் 10 விழுக்காடு 'சேவைக் கட்டணம்' வரியல்ல. அது கடையின் வரவு.

நிகழ்ச்சி முடிந்த வாரம் அதே வரிசையில் நின்றேன். "அண்ணே, கணவாய் என்ன விலை?"

"இன்னிக்குப் பெருசு தங்கச்சி, ஒம்பது வெள்ளி. கோழின்னா அஞ்சரை." முகம் சுளிக்காமல் சொன்னார். எனக்குப் பின்னால் நின்ற பையனும் உடனே மீன் தலை விலையைக் கேட்டான்.

நான் கோழி எடுத்துக்கொண்டேன்.