ஹெர்குலிஸ் கிராஃபிக்ஸ் கார்டு, 1982

1981-இல் ஐபிஎம் பிசி வாங்கியவருக்கு முன்னால் இரண்டு திரை அட்டைகள் இருந்தன. எம்டிஏ எழுத்தைக் கூர்மையாகக் காட்டும், படம் வராது. சிஜிஏவில் வண்ணப் படம் வரும், ஆனால் எழுத்தைப் படித்தால் கண் வலிக்கும்.

தாய்லாந்தைச் சேர்ந்த வான் சுவன்னுகுலுக்கு இரண்டுமே உதவவில்லை. தம் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தாய்லாந்து எழுத்தில் கணினியில் எழுத விரும்பினார். எம்டிஏவின் எழுத்துருக்களோ சில்லுக்குள் நிரந்தரமாகப் பதிந்தவை. புள்ளி புள்ளியாக வரைந்தால்தான் புது எழுத்து வரும். ஆகவே அட்டையைத் தாமே வடிவமைத்தார்: ஒற்றை நிறம், 720 × 348 புள்ளிகள், 64 கிலோபைட் நினைவகம்.

அது ஏன் 348? எம்டிஏ திரையில் 350 வரிகள். இந்த அட்டையோ படத்தின் வரிகளை நான்கு நினைவகப் பகுதிகளில் மாறி மாறி வைக்கிறது. 350 நான்கால் வகுபடாது. ஒரு திரைக்கு 31,320 பைட் போதும் என்பதால் இரண்டு திரைகளை ஒரே நேரத்தில் நினைவில் வைக்கலாம். கெட்டிக்கார வேலை!

லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருள் இதில் வரைபடம் காட்டத் தொடங்கியதும் அலுவலகங்கள் வாங்கிக் குவித்தன. நகல் அட்டைகளும் பெருகின. இன்று சேகரிப்பாளர்களிடம் அதிகம் சிக்குபவை அவைதான்.

அட்டையின் பின் விளிம்பைப் பாருங்கள். 25 துளை இணைப்பு பிரிண்டருக்கு, 9 துளை இணைப்பு மானிட்டருக்கு. சிஜிஏவிலும் இதே 9 துளைதான். அதில் எம்டிஏவுக்கான ஐபிஎம்மின் பச்சை மானிட்டரைச் செருகினால் மானிட்டர் பழுதாகலாம். வீட்டில் பழைய அட்டை கிடைத்தால், எதையும் செருகுமுன் அது எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.