ஞாபகம் எங்கே போயிற்று?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றைத் தாண்டி மேலே போனால், சேர்வராயன் மலைச் சரிவெங்கும் காப்பித் தோட்டங்கள். சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை 1820-களில் கொண்டுவந்து வைத்த பயிர் அது.

காப்பிப் பழத்தைப் பறித்தவுடன் மூட்டை கட்டிவிட முடியாது. களத்தில் பரப்பிப் பல நாள் காய வைத்த பிறகுதான் கொட்டை கோணிக்குள் போகும். நடுவே பெருமழை கொட்டினால், களத்தில் கிடந்த சரக்கு பாழ். கிட்டங்கியில் இருக்கும் பழைய மூட்டைகளுக்கு ஒன்றும் ஆகாது.

நம்முடைய ஞாபகமும் இப்படித்தான் என்றால் நம்புவீர்களா?

கண்டதும் கேட்டதும் உடனே மூளையில் நிலைத்துவிடுவதில்லை. இரு காதுகளுக்கும் உட்புறமாக, மூளைக்குள் கடல் குதிரையின் வடிவத்தில் 'ஹிப்போகாம்பஸ்' என்ற சிறு பகுதி இருக்கிறது. அதுதான் ஞாபகத்தைக் காய வைக்கும் களம். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடிபட்டவருக்குப் பெரும்பாலும் கல்யாண நாள் ஞாபகமிருக்கும். பள்ளிக்கூடத்து வாத்தியார் பெயர்கூட நினைவிருக்கும். விழுந்தது மட்டும் நினைவிராது! அந்தச் சில நிமிஷங்கள் களத்திலேயே நனைந்துபோன சரக்கு. பெரும்பாலும் அவை திரும்புவதே இல்லை. விபத்துக்குப் பிறகு எத்தனை நாள் புதிய விஷயங்கள் பதியாமல் போகின்றன என்பதைக் கொண்டு, காயத்தின் கடுமையை டாக்டர்கள் கணிக்கிறார்கள்.

இந்த உண்மையை உலகத்துக்கு உணர்த்தியவர் ஹென்றி மோலைசன் என்ற அமெரிக்கர். அவருக்கு நேர்ந்தது விபத்தல்ல. வலிப்பைக் குணப்படுத்துவதற்காக 1953-ல், அவருடைய 27-வது வயதில், இரு புறத்திலும் அந்தப் பகுதியின் பெரும் பாகத்தை டாக்டர் ஸ்கோவில் அகற்றிவிட்டார். வலிப்பு குறைந்தது. ஆனால் 2008-ல் காலமாகும் வரை, புதிதாகச் சந்தித்தவர்கள் அநேகமாக யாருமே அவர் மனத்தில் தங்கவில்லை.

பிரெண்டா மில்னர் என்ற அம்மையார் அவரிடம் ஒரு பரீட்சை வைத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, நட்சத்திரம் ஒன்றை வரைய வேண்டும். மூன்று நாளில் கை அழகாகப் பழகிவிட்டது. மனிதரோ, ஒவ்வொரு நாளும் அன்றுதான் முதல் தடவையாக வரைவதாக நினைத்தார்! கைப்பழக்கத்துக்கு மூளையில் வேறு இடம் உண்டு என்று அன்று தெரிந்தது.

இதில் நம் வீடுகளுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர், "நான் சாப்பிட்டேனா?" என்று பத்துத் தடவை கேட்கலாம். "இப்போதுதானே சொன்னேன்!" என்று எரிந்து விழாதீர்கள். அவர் வேண்டுமென்று படுத்தவில்லை. நீங்கள் சொன்னது பதியவில்லை, அவ்வளவுதான். சாவி, மூக்குக் கண்ணாடி, மாத்திரை எல்லாம் என்றும் ஒரே இடத்தில் இருக்கட்டும். கண்ணில் படும்படி ஒரு காலண்டர், சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டு, தினமும் ஒரே வரிசையில் வேலைகள். கை பழகிவிட்டால், மனம் மறந்ததையும் கை செய்யும். பலருக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தெளிவு பிறக்கிறது. சினிமாவில் வருவதுபோல் இரண்டாவது அடி ஞாபகத்தைத் திருப்பித் தராது, இருப்பதையும் கெடுத்துவிடும்.

உங்கள் பிள்ளை ஏற்காட்டுக்கு ஸ்கூட்டரில் கிளம்பினால், ஹெல்மெட்டை நீங்களே எடுத்துக் கையில் கொடுங்கள். அந்தக் களத்துக்கு அதுதான் கூரை.